அறுபது போனில் ஓடிய குடும்பச் சண்டை

மைக்செட்காரர் தன் மச்சினனுக்கு நாற்பதாயிரம் பாக்கி வைத்திருந்தார். குடித்து அழித்த காசில்லை, சூதாடித் தோற்ற காசுமில்லை. காது கேளாத தன் மருமகளுக்குப் பழைய லேப்டாப் ஒன்றும், பாட்டைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் பெட்டி ஒன்றும் வாங்கிக் கொடுத்த காசு. அடுத்து வரும் மன்றக் கச்சேரி முடிவதற்குள் கடனைத் தீர்க்காவிட்டால் இரண்டு பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று மச்சினன் சொல்லியிருந்தார். பலகை அறுத்து, பசை தடவி, மைக்செட்காரர் தன் கையாலேயே செய்த பெட்டிகள் அவை. அவை போனால் தொழிலும் போச்சு.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். பதினொரு வயதில் ஒலிபெருக்கிக் குழாயைத் தலையில் சுமந்தார். இருபத்துமூன்றில் சொந்த ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தார். ஸ்பீக்கருக்குள் கம்பிச்சுருள் கருகியிருந்தால் மோந்து பார்த்தே எந்தப் பெட்டி என்று சொல்லிவிடுவார். படித்த பொறியாளர்கள் மூன்று பேர் கைவிட்ட, ஒலி கலக்கும் மிக்சரை ஒரு பழைய பல்துலக்கும் பிரஷை வைத்துத் தேய்த்தே பாட வைத்தவர். இதையெல்லாம் அவரே எல்லாரிடமும் சொல்வார். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

மருமகள் வீட்டுக்கு வந்த முதல் வாரம், பட்டறையில் ஒரு பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில், "கேக்குதா? கேக்குதா?" என்று அவளைப் பார்த்தும் கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளோ சிரித்தபடி பெட்டியில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவேயில்லை. பிறகு போனில் எழுதிக் காட்டினாள்: "டிரம் வயித்துல இடிக்குது மாமா. வயலின் மட்டும் என்னைக் கண்டுக்கவே மாட்டேங்குது."

"வயலினுக்கு அவ்வளவு திமிரா?" என்று மைக்செட்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். அன்று பிடித்தது பைத்தியம்.

மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிச் சம்பாதிப்பவள். செயலியை அவள் எழுதினாள். மிக்சரிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ஒயர் இழுத்துக் கொடுத்தார் அவர். டிரம் விழுந்தால் போன் வெடுக்கென்று உதறும். பேஸ் கிடார் என்றால் நீளமாக உறுமும். வயலின் நிறமாக நெளியும். பாடகர் பாடும் வரி எழுத்தாக ஓடும். சரிபார்ப்பதற்காக இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, போனைப் பல்லால் கடித்தபடி உட்கார்ந்திருந்தவரை மனைவி வந்து பார்த்தாள்.

"பசிச்சா சொல்லக் கூடாதா? போனையா திங்கிறது?"

அவருக்கு எங்கே கேட்கப் போகிறது? தலையை மட்டும் தாளத்துக்கு ஆட்டினார்.

டிரம்காரர் அடித்துவிட்டுக் குச்சியைத் தூக்கிய பிறகுதான் போன் உதறுகிறது என்று மருமகள் நாலு மாதம் நச்சரித்தாள். "இமைக்கிற நேரம்தானேம்மா?" என்றார் அவர். "நீங்க இமைக்காம இருந்து பாருங்க" என்று எழுதினாள். கடைசியில் அந்த இடைவெளியையும் அவளே ஒழித்துக் கட்டினாள். "நாங்க ஒழிச்சோம்" என்று இவர் ஊரெல்லாம் சொன்னார்.

அதன் பிறகுதான் மன்றத்துக் கச்சேரி வந்தது; காது கேளாதவர்களையும் அழைத்து முன்வரிசைகளில் உட்கார வைக்கலாம் என்று கேட்டார் இவர். மன்றச் செயலாளர் உதட்டைப் பிதுக்கினார். "காது கேக்காதவங்களுக்குக் கச்சேரியா? அரைமணியில எழுந்து போயிடுவாங்க. கடைசி வரைக்கும் இருந்தா நாப்பத்தஞ்சாயிரம். போயிட்டாங்கன்னா பாதிதான்."

"ஒருத்தர் எழுந்தாலும் பாதியே குடுங்க" என்று மார்தட்டிவிட்டு வந்தார் மைக்செட்காரர்.

கச்சேரியன்று மாலையில் அரங்கம் நிறைந்தது. முன்வரிசைகளில் காது கேளாத அறுபது பேர், கையில் அறுபது போன். செயலாளரும் வேடிக்கை பார்க்க இன்னொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லாம் ஜோராகப் போனது. இரண்டாம் பாதியில் பாடகர் ஒரு சோகப் பாட்டை உருக்கமாக ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மச்சினன் மிக்சர் பக்கம் வந்து நின்றார்.

"அத்தான், காசு எங்க?"

"பாட்டு ஓடுதுடா மாப்ளே. அப்புறம் வா."

"ரெண்டு வருஷமா பாட்டுதான் ஓடுது. நாப்பதாயிரம்! வெளியே வண்டி நிக்குது."

"தூக்கிப் பாரேன். பெட்டி எழுந்திரிக்காது, உன் இடுப்புதான் கீழே விழும்."

"அக்கா முகத்துக்காகப் பாக்கறேன்."

"இருடா, அந்தக் கஞ்சச் செயலாளர்கிட்ட கறந்து தர்றேன். முதல்ல இந்த மனுஷன் பாடி முடிக்கட்டும். அரைச் சுருதி இறங்கி, வயிறு உப்பின மாதிரி முக்கிட்டிருக்கார்."

முன்வரிசையில் ஒரு பெண் குலுங்கினாள். பிறகு பக்கத்து ஆள். பிறகு அறுபது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சோகப் பாட்டுக்கு இப்படி ஒரு சிரிப்பா என்று பின்னால் இருந்தவர்கள் விழித்தார்கள். பாடகரோ திடீரென்று முகம் சிவந்து, சுருதியைப் பிடித்து உச்சாணிக்கு ஏறினார். அந்தப் பாட்டை அவர் வாழ்நாளில் அப்படிப் பாடியதில்லை.

மருமகள் ஓடி வந்தாள். சிரிப்பில் கண்ணீர் வழிந்தது. "வாயை மூடுங்க மாமா!" என்று சைகை காட்டினாள்.

"என்னம்மா ஆச்சு?"

போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில், "என்னம்மா ஆச்சு?" என்று ஓடியது.

மேடையிலிருப்பவர்களின் காதுக்குள் மட்டும் பேசுவதற்கென்று மிக்சரில் ஒரு குட்டி மைக் உண்டு. முப்பது வருஷத் தொழிலில் அதை அணைக்க மறக்காதவர், அன்று மறந்துவிட்டார். பாடும் வரிக்கான ஒயரையும் அதோடு சேர்த்தே செருகியிருந்தார். அரங்கத்தில் யார் காதிலும் விழவில்லை. பாடகருக்கும், செயலாளர் கையிலிருந்தது உட்பட எல்லாப் போனுக்கும் மட்டும் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. மைக்கை அணைத்தபோது, ஏன் நிறுத்தினாய் என்று அறுபது பேரும் திரும்பிக் கையை விரித்தார்கள்.

ஒருவர்கூட எழுந்து போகவில்லை. கடன் தீருமா, பெட்டி போகுமா என்று பார்க்காமல் யார் போவார்கள்?

கடைசிப் பாட்டு முடிந்ததும் செயலாளர் உர்ரென்று வந்தார். "நான் கஞ்சனா?"

மைக்செட்காரர் வழியும் அசட்டைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அது இப்ப உங்க கையிலதான் இருக்குய்யா."

செயலாளர் சுற்றிப் பார்த்தார். முன்வரிசை மொத்தமும் மிக்சரைச் சூழ்ந்து அவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. உறையை அப்படியே கொடுத்தார். நாற்பத்தைந்தும் இருந்தது.

"கையை நீட்டுடா மாப்ளே."

"எண்ண வேணாம் அத்தான். விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"அதுக்குத்தான் எண்ணுறேன்!"

மச்சினன் கூச்சத்தோடு உள்ளங்கையை விரித்தார். மைக்செட்காரர் விரலை நாக்கில் தொட்டு, ஐந்நூறு ஐந்நூறாக வைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு நோட்டுக்கும் அறுபது பேரின் விரல்களும் சேர்ந்து மடங்கின. எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. எண்பதாவது நோட்டை உயரே தூக்கி எல்லாருக்கும் ஒருமுறை காட்டிவிட்டு, அந்த விரித்த கையின் மேல் சப்பென்று அடித்து வைத்தார்.