சிக்காகோவில் பார்க்க என்ன இருக்கு?

விமான ரிக்கற் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உலகத்து ஊர்கள் எல்லாம் தெரியும்; போய்ப் பார்த்ததுதான் இல்லை. பரிஸில், லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது எங்கள் கடை. அங்கே உட்கார்ந்துகொண்டு நான் ஆட்களை ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். என்னுடைய சொந்தப் பயணமெல்லாம் ஆர்ஜொந்தெய் வீட்டிலிருந்து சென் லசாருக்கு ரயில், அங்கிருந்து மெற்றோ, பின்னேரம் அதே வழியில் திரும்பி வருவது.

ரிக்கற் வாங்குகிறவர்கள் வாங்கிய கையோடு எழும்பிப் போனால் பரவாயில்லை. பாஸ்போர்ட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திய பிறகும் கதிரையை விட்டு எழும்பாமல், "அங்கை பாக்க என்ன இருக்கு, பிள்ளை?" என்பார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ஈஃபிள் கோபுரத்தைக் காட்டப் போய், அதைக் கட்டியது யார் என்று கேட்கப்பட்டு முழித்த பரிஸ்வாசிகளே, என் கஷ்டம் உங்களுக்காவது விளங்கும். நான் முழிப்பதில்லை. போய்வந்தவர்கள் சொன்னதைப் போகப்போகிறவர்களுக்குச் சொல்லிச் சமாளிக்கிறேன். சிக்காகோவைப் பற்றி நான் தொடங்கினால் அங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்று நினைப்பீர்கள். அந்த ஊரால் நான் பட்ட பாடும் கொஞ்சமில்லை.

உப்பில்லாத கடல்

புறநகரான பொண்டியில் இருக்கும் யோகா அக்காவும் கணவரும் தங்கை பெற்ற பெறாமகனின் கலியாணத்துக்குச் சிக்காகோ போனார்கள். கடல் இருக்கிறதா என்று அக்கா கேட்டார். கடல் இல்லை, ஏரி இருக்கிறது, ஆனால் மறுகரை தெரியாது, அலை அடிக்கும், கடற்கரை மாதிரி மணலும் உண்டு, கட்டாயம் பாருங்கோ என்று நான் சொல்லி அனுப்பினேன். "குளமெண்டு சொல்லும்" என்றார் அவர். குளமில்லை என்று ஐந்து நிமிடம் வாதாடினேன்.

திரும்பி வந்ததும் வராததுமாகக் கடைக்கு வந்தார். கலியாணம் எப்படி என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"அலை அடிக்குது, மணல் கிடக்குது, கரையும் தெரியேல்லை, எல்லாம் நீர் சொன்ன மாதிரித்தான். கையாலை அள்ளி வாயிலை வைச்சா, கிணத்துத் தண்ணி. இப்பிடி ஆக்களை ஏமாத்தக் கூடாது, பிள்ளை."

தள்ளி நின்று பார்ப்பது

துரைசிங்கம் அண்ணை ஸ்தேன் என்ற புறநகரில் இருக்கிறார். ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் நெடுங்காலம் நின்று உழைத்து, இப்போது ஓய்வூதியம் எடுக்கிறார். ஒருநாள் காலை வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிக்காகோவுக்கு ஒரு ரிக்கற் வேண்டும் என்றார். எனக்குக் கை ஓடவில்லை. அவருடைய ஒரே மகள் சுபா அங்கேதான் இருக்கிறாள் என்பதும், தகப்பனும் மகளும் வருடக்கணக்காகக் கதைப்பதில்லை என்பதும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர் இங்கே ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இருக்க, அவள் தன்னோடு வேலை செய்த கோயம்புத்தூர்ப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அமெரிக்கா போய்விட்டாள். அவள் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன், அங்கே பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டேன் என்று அண்ணை நாலு பேருக்கு முன்னால் சொன்னார்.

எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்வது சுலபம். திருப்பி எடுக்கத்தான் ஒருவருக்கும் தெரியாது. கூப்பிட்டால் போகலாம் என்று அவர் இருந்தார். வந்தால் கூப்பிடலாம் என்று அவள் இருந்தாள். இதற்கிடையில் ஒரு பேத்தியும் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டாள். அண்ணை அவளைத் தூக்கியதில்லை.

"மகளிட்டையோ அண்ணை?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"நான் ஊர் பாக்கப் போறன். ஏன், நான் ஊர் பாக்கக் கூடாதோ?"

ஹோட்டலும் போடச் சொன்னார். நான் ஏரிக்கரைப் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே வேண்டாம், நேப்பர்வில்லில் போடும் என்றார். அது நகரத்திலிருந்து ரயிலில் போகவேண்டிய புறநகர், வீடுகளும் புல்வெளியும்தான். சுபாவின் வீடு அங்கேதான் என்று அண்ணையின் மனைவி பரமேஸ் அக்கா எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியும் என்பது அண்ணைக்குத் தெரியாது. அங்கே ஊர் பார்க்கிற ஆளுக்கு ஒன்றுமில்லையே என்று இழுத்தேன்.

"ஊர் பாக்கிறவன் ஊருக்கு நடுவிலை நிண்டுதான் பாக்கோணுமெண்டு சட்டமோ? தள்ளி நிண்டும் பாக்கலாம். நீர் போடும்."

கண்ணாடிக்குள் கூட்டம்

சிக்காகோவின் நடுவில் ஒரு பூங்காவில், பளபளவென்று கண்ணாடி மாதிரி மினுக்கிய பெரிய உருக்குச் சிலை ஒன்று இருக்கிறது. பார்த்தால் ஒரு அவரை விதை வீடளவுக்கு வளர்ந்து படுத்துக் கிடப்பதுபோல் இருக்குமாம். வானம், கட்டடங்கள், நிற்கிற ஆட்கள் எல்லாம் அதில் தெரியும். கிட்டப் போனால் நம் முகம் உப்பியும் நீண்டும் வேடிக்கை காட்டும். போன எல்லோரும் படம் எடுத்து வருவார்கள்.

கார்த்திக் தமிழ்நாட்டுப் பையன். கணினி வேலை, பரிஸுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. கம்பெனி சிக்காகோவுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது, சனி ஞாயிறு சும்மாதான் இருப்பேன், என்ன பார்க்கலாம் என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். பையன் ஒன்றையும் விடவில்லை. கோபுரத்தில் ஏறினான், ஆற்றில் படகில் போனான், மியூசியத்தில் டைனோசர் எலும்புக்கூட்டைப் பார்த்தான், பாத்திரமளவு ஆழமுள்ள பீட்சாவைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட முயன்று பாதியைக் கட்டிக்கொண்டு வந்தான். திரும்பி வந்து கடையில் கைபேசியை என் முன்னால் நீட்டினான். அந்தக் கண்ணாடிச் சிலைக்குள் ஏகப்பட்ட கூட்டம், குடும்பம் குடும்பமாக.

"இதுல நான் எங்க இருக்கேன்னு கண்டுபிடிங்க பாப்போம், அக்கா. அம்மாவுக்கு அனுப்புனேன், அவங்களாலயே முடியல."

நான் கண்டுபிடித்தேன். கொஞ்ச நேரம் எடுத்தது, ஆனால் கண்டுபிடிக்காமல் அவனை அனுப்ப மனம் வரவில்லை. "ஓரத்துல நிக்கிறேன்ல, அதான் தெரியல" என்று அவனே சமாதானம் சொன்னான்.

ஹோட்டல்

அண்ணை ரிக்கற் எடுத்த மறுநாளே பரமேஸ் அக்கா வந்தார். அவர் மகளோடு தினமும் கைபேசியில் முகம் பார்த்துக் கதைப்பவர், அண்ணை நடக்கப் போகிற நேரமாகப் பார்த்து. அது தெரிந்துதான் அண்ணை பூங்காவை இன்னொரு தடவை சுற்றிவிட்டு வருகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"பிள்ளை, அந்த ஹோட்டலை வெட்டிவிடும். தேப்பன் வந்து ஹோட்டலிலை கிடந்தா அவள் தாங்கமாட்டாள்" என்றார். நீங்களும் கூடப் போகலாமே அக்கா என்றேன். தான் போனால் பெண்சாதிக்குப் பின்னால் இழுபட்டு வந்த மாதிரி ஆகிவிடும், அவர் தானாகப் போகவேண்டும் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. ஆனால் ஹோட்டலை வெட்டினால் அண்ணை விமானமே ஏறமாட்டார். கூப்பிடாத வீட்டுக்குப் போகவில்லை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அந்த ஹோட்டல் வேண்டும். இதைச் சொன்னேன். அக்கா கைப்பையைத் திறந்து மூடி யோசித்தார்.

"அப்ப சரி, இருக்கட்டும். ஆனா நல்ல ஹோட்டலாப் போடாதையும்."

பொது அறிவு

முதலில் போட்டதை மாற்றி, இணையத்தில் ஆட்கள் வாய்க்கு வந்தபடி திட்டி எழுதியிருந்த ஹோட்டலைத் தேடித் தேடிப் போட்டது என் தொழிலில் அதுதான் முதல் தடவை. அண்ணையிடம் அறையின் படத்தைக் காட்டினேன். கட்டில் இருக்கிறதுதானே, காணும் என்றார். பிறகு கார்த்திக் படம் காட்டிய கண்ணாடிச் சிலையைப் பற்றி நானாகவே எடுத்துவிட்டேன். கிட்டப் போனால் முகம் உப்பித் தெரியும் என்றதும், சின்னப் பிள்ளைகளுக்கு அது பிடிக்குமோ என்று கேட்டார். பிடிக்கும் என்றேன். டைனோசர் எலும்புக்கூட்டைக் கண்டு பயப்படுவார்களோ என்று கேட்டார். எத்தனை வயதுப் பிள்ளை அண்ணை என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"ஒருத்தருமில்லை. பொது அறிவுக்குக் கேட்டனான்."

பயணத்துக்கு முதல்நாள், பெட்டியின் பாரம் பார்க்கக் கடைக்குக் கொண்டுவந்தார். எங்கள் தராசைக் காசு கொடுக்காமல் பாவிக்கலாம் என்பது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். பாரம் கூடிவிட்டது. திறந்தால் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல்மா, பருத்தித்துறை வடை. ஊர் பார்க்கப் போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். சுபாவுக்குக் கொடுக்கச் சொல்லி பரமேஸ் தந்த பார்சல், வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்றார். எல்லாவற்றுக்கும் அடியில் ஜிகினா வைத்த ஒரு சின்னச் சட்டை, மாம்பழ மஞ்சள். அதற்கு முதல்நாள் எதிர்க்கடையில் அண்ணையே நின்று ஒவ்வொரு நிறமாகத் தூக்கிப் பார்த்ததை நான் எங்கள் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கண்டவள். இருந்தும் கேட்டேன்.

"அதுவோ? அது பரமேஸ் எனக்குத் தெரியாமல் வைச்சிருப்பா. கிடக்கட்டும், அதை எடுக்காதையும். மிளகாய்த்தூளைக் குறைப்பம்."

யன்னல்

அவர் போன பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. பரமேஸ் அக்காவுக்குப் போன் எடுத்துக் கேட்கவும் பயமாக இருந்தது. வாசலில் பார்சலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டால், அதோடு அந்தக் கதை முடிந்துவிடும். இன்னொரு தடவை அவர் ஊர் பார்க்கக் கிளம்பப் போவதில்லை. என் புத்திசாலித்தனத்தில் வைத்திருக்கச் சொன்ன ஹோட்டல் அவருக்குத் திரும்பிப் போக வசதியாகிவிட்டதோ என்று மனம் அடித்துக்கொண்டது.

வந்தார். அதே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் கொழுத்திருந்த மாதிரிப் பட்டது. ஹோட்டல் எப்படி அண்ணை என்று மெதுவாகத் தொடங்கினேன்.

"அதை நான் பாக்கேல்லை."

விமான நிலையத்திலிருந்து நேரே பார்சலைக் கொடுக்கப் போனாராம். மணியை அடித்துவிட்டு, பார்சலைக் கையில் பிடித்தபடி படிக்குக் கீழேயே நின்றாராம். கதவைத் திறந்தது பேத்தி. பின்னால் சுபா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெளியே பனிக்காற்று. குழந்தை இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மப்பா, குளிர் உள்ள வருது. வாங்க, கதவ மூடணும்" என்றதாம். தாய் சொல்லிக்கொடுத்த 'அம்மப்பா', தகப்பனிடமிருந்து பிடித்துக்கொண்ட கோயம்புத்தூர் 'வாங்க'.

"வீட்டு ஆள் கூப்பிட்டா போகாமல் விடேலுமோ, பிள்ளை?" என்றார் அண்ணை. நான் மேசைக்கு அடியில் எதையோ தேடுகிற பாவனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு தொழில் புத்தி வந்து, சரி, ஊர் பார்த்தீர்களா, ஏரிக்கரைக்காவது போனீர்களா என்று கேட்டேன். அண்ணைக்கு லேசாகக் கோபம் வந்துவிட்டது.

"அவளின்ரை குசினி யன்னலாலை பாத்தா ஏரி தெரியேல்லை, பிள்ளை. நீர் என்னத்துக்கு எல்லாருக்கும் ஏரி, ஏரியெண்டு சொல்லுறனீர்?"

அதனால், சிக்காகோவில் பார்க்க என்ன இருக்கு என்று இப்போது யாராவது கேட்டால், அங்கே உங்களோடு கதைக்காமல் இருப்பவர் யார் என்று முதலில் விசாரித்துக்கொண்டுதான் நான் ஹோட்டல் போடுகிறேன்.