எட்டுக் குடம்

யார் வீட்டுக்குப் போனாலும் நான் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. என் தங்கைக்கு அது திமிராகத் தெரிகிறது. திமிர் எனக்கு உண்டுதான், ஆனால் இது அதில் சேராது. ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் அடுத்தவர் அடுக்களையில் தண்ணீர்க் குடம் எண்ணுவது என் பிழைப்பாக இருந்தது. அப்போது பட்ட சூடு இன்னும் ஆறவில்லை.

எண்பதுகளின் நடுவில், மழை சேர்ந்தாற்போல் இரண்டு வருடம் ஏமாற்றிய சமயம். கிருஷ்ணகிரியில் ஒரு கணக்கெடுப்புக்கு ஆள் எடுத்தார்கள். சேலத்தில் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு அந்த வேலை கிடைத்தது. எந்தத் தெருவில் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் அதிகக் கஷ்டம் என்று நாங்கள் அளந்து சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் போர் போடும் லாரி எந்தெந்தத் தெருவுக்குப் போவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

படிவத்தில் நிறையக் கேள்விகள். ஒரு நாளைக்கு எத்தனை குடம், எவ்வளவு தூரம், நேற்று எத்தனை தடவை அடுப்பு எரிந்தது, இந்த வாரம் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, அதற்கு என்ன காரணம். கடைசிக் கேள்வியை மட்டும் வாயால் கேட்கக் கூடாது. நாங்களே அடுக்களைக்குள் போய் விளிம்பு வரை நிறைந்திருக்கும் குடங்களை எண்ணி எழுத வேண்டும். கொஞ்சம் குறைந்திருந்தாலும் அந்தக் குடம் கணக்கில் வராது.

"உதவி வருதுன்னா ஜனங்க கஷ்டத்தைக் கூட்டித்தான் சொல்லுவாங்க. நீங்க உள்ள போய்ப் பார்த்து எழுதுங்க" என்று எங்கள் அதிகாரி பயிற்சியில் சொன்னார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. எதையும் நேரில் பார்க்காமல் நம்பாத ஆள் நான். வீட்டில் உப்பு வாங்கி வந்தால்கூடப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பேன்.

ராயக்கோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் வரும் ஊர் அது. அங்கே கூலி வேலைக்குப் போகிறவர்கள் குடியிருந்த தெருவில் பதினான்கு வீடுகள். ஆண்களில் பாதிப் பேர் ஓசூர் தொழிற்சாலைகளில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய் வாரக் கடைசியில்தான் திரும்புவார்கள். நான் வரப்போவதை முதல் நாளே தலையாரி சொல்லிவிட்டிருந்தார். வீட்டு வாசல்கள் எல்லாம் பெருக்கிச் சுத்தமாக இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். நான் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் பெண்கள் தெலுங்கில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது. என் புடவையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது வீட்டில் என் வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். கைக்குழந்தைக்காரி. ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை. விடிந்த கொஞ்ச நேரத்தில் வியாபாரியின் டெம்போ ஊர் முனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். அதில் ஏறினால் அன்றைக்கு வேலை உண்டு. தண்ணீருக்கோ ஒரு மைல் தள்ளி ஒரு விவசாயியின் தோட்டத்துக் கிணறு. கரண்ட் வந்து மோட்டார் ஓடினால்தான் பிடிக்க விடுவார்கள்.

"கரண்டு லேட்டா வந்தா நானும் லேட்டு அக்கா. டெம்போ போயிடும். அன்னிக்கு வேல இல்ல, ராகி வாங்க முடியாது. இங்கியே ஒரு பைப்பு இருந்தா நான் வேலக்கிப் போவாம ஒரு நாளும் நிக்க மாட்டேன்" என்றாள்.

ஒரு நாளைக்கு எத்தனை குடம் என்று கேட்டேன். ரெண்டு, சில நாள் மூணு என்றாள். நேற்று அடுப்பு எரிந்தது ஒரு தடவை. நான் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினேன். பிறகு உள்ளே போனேன். புகை படிந்த இருட்டான அடுக்களையில், சுவர் ஓரம், விளிம்பு வரை தண்ணீர் தளும்ப எட்டுக் குடம்.

அதற்கு முந்தைய ஐந்து வீடுகளிலும் இதே கதைதான். வாயைத் திறந்தால் ரெண்டு, மூணு. உள்ளே போனால் எட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் நடந்து வந்தவளிடம் இப்படிக் கூசாமல் புளுகுகிறார்களே என்று நினைத்தேன். தொண்டை வறண்டிருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு ஒரு குடத்தைச் சாய்த்துச் செம்பு நிறையக் கொடுத்தாள். பாதி குடித்தேன். மீதியில் கையை அலம்பி, முகத்தையும் துடைத்துக்கொண்டு, கடைசியில் இருந்ததை வாசலில் ஊற்றினேன். மண்ணில் தண்ணீர் இறங்குவதையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கருமி என்று நினைத்தேன்.

பதினான்கு படிவத்தையும் முடித்துக் கட்டி, மேலே ஒரு சீட்டு வைத்தேன்: 'வாய்மொழிப் பதில்கள் நம்பத் தகுந்தவை அல்ல.' அப்படி எழுதியபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

லாரி வேறு ஊருக்குப் போய்விட்டது. அதற்கும் சில வாரம் கழித்து, படிவங்களை மறுபடி சரிபார்த்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, இந்தத் தெருவுல மொத ஆறு வீட்டுல எட்டெட்டுக் குடம், மீதி எட்டு வீட்டுல ஏழேழு. பேசி வெச்சுக்கிட்டா தண்ணி பிடிக்கிறாங்க?" என்று கேட்டார். நான் வீட்டிலேயே உட்கார்ந்து எண்களை நிரப்பிவிட்டேன் என்று அவருக்குச் சந்தேகம். எனக்கு முகம் சிவந்துவிட்டது. என்னை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது.

அவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று கிளம்பினேன். முதல் நாளே ராயக்கோட்டையில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, விடியும்போது யாருக்கும் சொல்லாமல் அந்தத் தெருவில் போய் நின்றேன். நேரே அவள் வீட்டுக்குள் நுழைந்து அடுக்களையை எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம், அதுவும் அரைக் குடம். அந்தப் பச்சைக் குடத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பதினான்கு வீட்டிலும் பார்த்திருந்தேன். ராயக்கோட்டைச் சந்தையில் எல்லாரும் ஒன்றாக வாங்கியிருப்பார்கள் என்று அப்போது நினைத்தேன். குடத்தை எங்கே பார்த்தேன், எண்ணிக்கையைத்தான் பார்த்தேன்.

"அன்னிக்கு எட்டு இருந்ததே, எங்கே?" என்று அதட்டினேன்.

அவள் பயப்படவில்லை. குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, தெரியாதவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீங்க தண்ணி விசயமா நல்ல காரியத்துக்கு வந்தீங்க. வர்றவங்க எதிர்க்க காலிக் கொடத்த வெச்சா அந்தக் காரியம் வெளங்குங்களா? அதான் தெருவே சேர்ந்து எட்டுக் கொடம் எடுத்து வெச்சோம். அவ்ளோதான் இருந்திச்சு. மொத நாள்லேர்ந்து கொழந்தைங்கள கூட தொட வுடல. நீங்க ஒரு வூட்ட பார்த்து முடிச்சதும் பின்னால வழியா அடுத்த வூட்டுக்குத் தூக்கினு போனோம்."

மீதி எட்டு வீட்டில் ஏழு ஆனது எப்படி என்று கேட்டேன்.

"நீங்க குடிச்சீங்க இல்ல, அந்தக் கொடம் கொறஞ்சிடுச்சு. திருப்பி ரொப்பறதுக்குச் சொட்டுத் தண்ணி இல்ல. பெரியவங்க ரெண்டு பேரு, கொறகொடம் ஆயிடுச்சே, என்ன ஆவுமோன்னு பயந்தாங்க. நாந்தான், அக்கா எழுதிட்டாங்க, பைப்பு வந்துடும்னு சொன்னேன்." அத்தோடு நிறுத்தாமல், "எப்ப அக்கா வரும்?" என்று கேட்டாள்.

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். லாரி வேறு ஊருக்குப் போய்விட்டதையும், அதற்கு நான்தான் காரணம் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். குடத்தைப் பார்த்ததும் புளுகுகிறார்கள் என்று முடிவு கட்டிய நான் அவள் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த அரைக் குடத்தைச் சாய்த்துச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். "நீங்க வேணாம்னா நாங்க சங்கடப்படுவோம்" என்றாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அப்போது ஊர் முனையில் ஹாரன் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை அடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"டெம்போ. நீ போ, ஓடு" என்றேன்.

"வந்தவங்கள அழ வுட்டுட்டு எப்படி அக்கா போறது. போவட்டும்" என்றாள். கையைப் பிடித்து எழுப்பி வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். தெரு முனையை நாங்கள் எட்டுவதற்குள் வண்டி போய்விட்டது, தூசி மட்டும் நின்றது.

திரும்பி வந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து முதலிலிருந்து எழுதினேன். இந்தத் தடவை அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். நிறைகுடங்களின் எண்ணிக்கையில் பூஜ்யம் போட்டேன். மற்ற வீடுகளுக்கும் அன்றைக்கே எழுதி முடித்தேன். அந்தப் படிவங்களை வைத்து அடுத்த வருடப் பட்டியலில் தெருவைச் சேர்த்தார்கள். அடிகுழாய் வந்துவிட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதற்குள் அவள் இன்னொரு கோடையை அந்தத் தோட்டத்துக் கிணற்றோடு கழித்திருப்பாள்.

அவள் படிவத்தில், இந்த வாரம் வேலைக்குப் போகாத நாள் எத்தனை என்ற இடம் வந்தபோது, "தண்ணியால மூணு" என்றாள். நான் நான்கு என்று எழுதினேன். தண்ணீருக்கு நேரே மூன்று. நோய், பண்டிகை இரண்டையும் தாண்டி, கடைசியில் 'மற்றவை' என்றிருந்த கட்டத்தில் ஒன்று போட்டு, பக்கத்தில் காரணம் எழுதினேன்: 'கணக்கெடுக்க ஆள் வந்தது.'

அதிகாரி அந்த வரியை அடித்துவிடச் சொன்னார். நான் அடிக்கவில்லை.