கடைவாயிலிருந்து கழுத்துக்கு

அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்வது என் தொழில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் அதைச் செய்தபோது பலமுறை திறந்துபோனது என் வாய்தான். பல்வலி கண்ட எல்லாரும் எனக்குச் சொந்தம் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

கிராம்பு வைத்தியம்

ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில், பண்டகசாலை ஒன்றில் சுக்கு புடைக்கும் தங்கம் என்பவளுக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் சொத்தை. பிடுங்கிவிடலாம் என்றேன். அப்புறம் அவள் வரவேயில்லை. ஊருக்கெல்லாம் கிராம்பு அனுப்புகிற இடத்தில் வேலை. குழியில் இடித்த கிராம்பை அடைத்துக்கொண்டிருக்கிறாள். வலியும் நின்றுவிட்டது. பல்லின் நரம்பு செத்துப்போனால் வலி நிற்கும், அடியில் சீழ் நிற்காது என்று வழிமறித்துச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"வேதனையே இல்லை டாக்டரே, பின்ன எதுக்குக் கொறடு?"

சுக்குப் பற்று

கன்னம் வீங்கியதும் அவள் புருஷன் வேலு சுக்கை அரைத்துச் சுடச்சுடப் பற்றுப் போட்டான். வெந்நீரில் உப்புப் போட்டு வாயைக் கொப்பளித்திருக்கலாம். வெளியே சூடு வைத்தால் சீழை வெளிப்பக்கம் இழுக்கும். வேலு வந்து கூப்பிட, போய்ப் பார்த்தேன். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. நாக்கு மேலே தூக்கிவிட்டது. எச்சில் இறங்காமல் வழிந்தது. மிளகு நுழையாத ஒரு குழியிலிருந்து கிளம்பிய சீழ், எலும்பைத் துளைத்து, நாக்கின் அடியில் பரவி, மூச்சுக்குழலின் வாசலுக்கு வந்திருந்தது. யாரிடம் வழி கேட்டதோ! படகு பிடித்து எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். படுக்கவைத்தால் நாக்கு பின்னால் விழுந்து மூச்சு அடைத்துவிடும். வேலுவோ அவளைத் தன் மடியில் சாய்க்கப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ராத்திரி பூரா உக்காந்தே இருந்தா சாரே, கொஞ்சம் கிடக்கட்டுமே!"

கீறல்

ஆஸ்பத்திரி சர்ஜன் அவளை உட்காரவைத்தே, மோவாய்க்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டுக் கீறினார். ஒரு பொட்டுச் சீழ்கூட வரவில்லை. இடுக்கியை உள்ளே விட்டு விரித்தார். அப்புறம் வந்தது பாருங்கள், அந்த நாற்றத்தில் நர்ஸம்மா ஜன்னலுக்கு ஓடினார். சீழ் வடிய ரப்பர் குழாய் வைத்தார்கள். பென்சிலின் ஊசி தொடர்ந்தது. சில நாளில் வீக்கம் வடிந்து வாய் திறக்க வந்ததும் பல்லை நான் பிடுங்கினேன். ஆனால் கீறிய அன்று சாயங்காலமே தங்கம் தன் எச்சிலைத் தானே விழுங்கினாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அவ்வளவுதான். பிழைத்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் உறுதியானது. பிடுங்கிய பல்லை வேலு உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"இத்தினியூண்டா சாரே, இவளைக் கொண்டுபோகப் பாத்தது?"

பல் டாக்டர் என்றால் வேலை பல்லோடு நின்றுவிடும் என்று நம்பித்தான் நான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.