இரட்டைப் பூட்டு அறை

அந்த மனுஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும் என்றால், அவர் கட்டிய கூரை ஒழுகாது என்று சொல்லலாம். அதோடு சரி. பஸ் பணிமனைக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட அறைகளை வரிசையாகக் கட்டி, வீட்டில் இடமில்லாதவர்களின் கட்டில், பீரோவையெல்லாம் வாடகைக்கு வைத்துக்கொள்ளும் தொழிலை அந்தப் பக்கத்தில் முதலில் ஆரம்பித்தவர் அவர்தான். தலை கறுப்பாக இருந்தபோது ஆரம்பித்தது, தலை வெளுத்த பிறகும் ஓஹோவென்று ஓடியது.

ஓடியதற்குக் காரணம் ஊரார் சண்டை. சொத்துக்கு அடித்துக்கொள்ளும் குடும்பங்களுக்கென்றே அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒரு கதவு, இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். அவருக்கே 'ரெட்டைப்பூட்டு' என்று பெயர் நிலைத்துவிட்டது. யாராவது சமாதானமாகப் போகலாமா என்று யோசித்தால் போதும், "உங்க தம்பி போன வாரம் வந்து உங்களப் பத்தி என்னமோ சொன்னாரு, எனக்கெதுக்கு வம்பு" என்று பற்றவைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அப்படிப் பூட்டிய முதல் அறை அவருக்கும் அவர் தங்கைக்கும் பொதுவானது. அம்மா போனதும் தையல் மெஷின் யாருக்கு என்று இருவரும் முட்டிக்கொண்டார்கள். தங்கை தையல்காரி. அண்ணனுக்கோ ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது, ஆனாலும் விட மனசில்லை. மெஷின் அறைக்குள் போனது. தங்கை மாதம் தவறாமல் வந்து, தன் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, அண்ணன் முகத்தில் விழிக்காமல் திரும்பிப் போவாள்.

அவள் மகள் தனிக்கடை போடக் கிளம்பியபோதுதான் சிக்கல் வந்தது. பாட்டியின் மெஷின்தான் வேண்டும் என்று அந்தப் பெண் ஒற்றைக்காலில் நின்றாள். அம்மாவிடம் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அது. இருந்த ரோஷத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு தங்கை இரண்டாவது வாரமாகக் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, உன் சாவியக் கொண்டா. தெறக்கணும்."

"எங்கயோ வெச்சுட்டேன். அடுத்த வாரம் வா."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. உன் பூட்ட ஒடைச்சுடு."

"நானே பூட்ட ஒடைச்சேன்னு நாளைக்கு நாலு பேர் பேசணுமா? தொழில் என்னத்துக்கு ஆகும்?"

அவர் பேசி வாய் மூடவில்லை, பூட்டிய கதவு உள்ளேயிருந்து டமார் என்று அதிர்ந்தது. தங்கை துள்ளி விலகினாள். உள்ளே ஒரு குரல், "இன்னும் தள்ளுப்பா, எடம் இருக்கு" என்றது.

அவள் பின்சந்துக்கு ஓடினாள். அங்கே அவள் அறைக்கு முதுகொட்டி, பைப் கடைக்காரர் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குள் ஆட்கள் நீள நீளமான பைப்புகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அறைக்கும் நடுவே இருக்க வேண்டிய தகரத் தடுப்பைக் காணோம். அந்தக் கோடியில் அவள் கதவின் உள்பக்கம் தெரிந்தது. மெஷின் இல்லை. பைப்புகள்தான் இருந்தன.

பின்னாலேயே வந்த அண்ணனின் சட்டையைப் பிடித்தாள். "அம்மா மெஷின் எங்க?"

"பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். வருஷக்கணக்காச்சு." மனுஷன் கொஞ்சமும் கூசவில்லை. "சும்மா கெடந்த எடம்தானே. மாசாமாசம் வந்தியே, அப்ப ஒரு நாளாவது தெறன்னு கேட்டியா? நான் எடுத்துடக் கூடாதுன்னு காவல் காத்த. அவ்வளவுதான்."

அவள் பிடித்திருந்த சட்டையை விட்டாள். சொன்னது பொய்யில்லை. அதை இந்த ஆள் வாயால் கேட்க வேண்டியிருந்ததுதான் வயிற்றெரிச்சல்.

சாயங்காலத்துக்குள் விஷயம் பரவி, ஜென்மப் பகையாளிகளெல்லாம் ஜோடி ஜோடியாகச் சாவியோடு வந்து ரெட்டைப்பூட்டை வளைத்துக்கொண்டார்கள். தங்கை அதைப் பார்க்க நிற்கவில்லை. வீட்டுக்குப் போய் நடந்ததை மகளிடம் ஒன்றுவிடாமல் சொல்லி, அண்ணன் குலத்தையே வாயாரச் சபித்தாள்.

மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமாவ விடும்மா. நீ ஏன் இத்தன வருஷமா தெறக்கச் சொல்லல?" என்றாள்.

தங்கை கையிலிருந்த கத்தரிக்கோலைச் சுவரில் வீசியடித்தாள். "அப்படியே உங்க மாமன் புத்தி" என்று ஆரம்பித்து, அண்ணனிடம் சொல்ல வராத அத்தனை வார்த்தைகளையும் பெற்ற பெண் தலையில் கொட்டித் தீர்த்தாள்.