பத்துப் பேராக இறங்கும் அணி

புலம்பெயர் தேசத்தில், ரொம்சோஸ் கால்பந்து மைதானத்தில் மழை தூறுகிறது. யாழ்ப்பாணக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர்கள் பத்துப் பேராகக் களமிறங்குகிறார்கள். பதினோராவது ஆள் சப்பாத்துக் கட்டியபடி கோட்டுக்கு வெளியே நிற்கிறார்.

"அவர் ஏன் அண்ணா இறங்கல?" என்று எல்லைக் கொடியோடு நிற்கும் ரவியிடம் கேட்கிறேன்.

"நூறு வருசத்துக்கு முன்னம், சீசன் நடுவில எங்கடை டீம் பொடியன் ஒருத்தன் காய்ச்சலில செத்துப் போயிட்டான், தம்பி. அவன்ரை இடத்துக்கு வேறை ஆளைப் போட ஒருத்தருக்கும் மனம் வரேல்லை. பத்துப் பேரா விளையாடி, ஃபைனலில, இண்டைக்கு எங்களோட விளையாடுற உந்தக் கல்லூரியிட்டைத் தோத்தவை. அதுதான், முதல் கோல் விழும் வரைக்கும் நாங்கள் பத்துப் பேர். உந்தக் கல்லூரிக்காரர் எப்பவும் பதினொரு பேர்தான்."

நடுவர் விசிலை வாயில் வைக்கிறார். எதிரணித் தலைவர் கையை உயர்த்தி அவரை நிறுத்துகிறார். பிறகு தானே கோட்டைத் தாண்டி வந்து, அந்தப் பதினோராவது ஆளின் பக்கத்தில் நனைந்தபடி நிற்கிறார்.