எர்த் குழாயைச் சுற்றி ஒரு வெடிப்பு

நாற்பத்தாறு வயதில் நான் இன்ஜினியரிங் மாணவன் ஆனேன். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் வில்லாபுரத்தில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தேன். பிக்சர் டியூப் இருந்த காலத்தில் என்னை டாக்டரை அழைப்பதுபோல வீட்டுக்கு அழைத்துப்போய்க் காபி கொடுத்தார்கள். இப்போது டி.வி. போனால் புது டி.வி. வாங்குகிறார்கள். கடையில் உட்கார்ந்து புத்தகம் படிக்க எனக்கு ஏராளமாக நேரம் கிடைத்தது. படிக்கப் படிக்க ஒரு சந்தேகம் வலுத்தது. இத்தனை வருடம் நான் கழற்றி மாட்டிய பெட்டிகள் எல்லாம் ஏன் திரும்ப ஓடின? உண்மையில் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பழைய டிப்ளமோவைத் தூசி தட்டி, பகுதி நேர எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் சேர்ந்தேன். "வீட்ல இருந்தா எதுனா வேல சொல்லுவேன்னு போறாரு" என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் காரணம் சொன்னாள். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை.

கல்லூரி திருமங்கலம் தாண்டி டி. கல்லுப்பட்டி போகிற வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வக வகுப்பு. எல்லோரும் வேலைக்குப் போகிற ஆட்கள். இடைவேளையில் காதலைப் பற்றிப் பேசமாட்டோம், சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவோம். என் கூட்டாளி கே.கே. நகர் கிளினிக்குகளில் ஈ.சி.ஜி. மெஷின், எக்ஸ்ரே மெஷின் சர்வீஸ் பார்க்கிறவன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். நான் அவனுக்கு அண்ணே, அவன் எனக்கு மாப்ள. உறவு ஒன்றும் கிடையாது. மதுரையில் அதற்கு உறவு தேவையில்லை.

ஆய்வகத்தில் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மெஷின்களுக்குத் தூசி ஆகாதாம். இன்னொன்று, ரீடிங். அதை நாங்கள் எடுப்பதில்லை. முந்தைய வருடத்துக்காரர்களின் ரெக்கார்ட் நோட்டிலிருந்து எழுதிக்கொள்வோம். அவர்கள் அவர்களுக்கு முந்தைய வருடத்துக்காரர்களிடமிருந்து எழுதியிருப்பார்கள். அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்பதால் கடைசி இலக்கத்தை மட்டும் ஆளுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்வது மரியாதை.

எர்த் ரெசிஸ்டன்ஸ் அளக்கிற பரிசோதனையும் அப்படித்தான் முடிந்தது. ஆய்வகத்துக்குப் பின்னால் மண்ணில் ஒரு இரும்புக் குழாய் புதைத்திருக்கும். உள்ளே இருக்கிற அத்தனை மெஷினின் உடம்பும் கம்பி வழியாக அந்தக் குழாயோடு சேர்ந்திருக்கும். எங்காவது கரண்ட் கசிந்தால் அந்த வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். வெயிலில் இரண்டு கம்பிகளை மண்ணில் அடித்து, மெக்கர் என்கிற அளக்கும் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி, முள் காட்டுகிற எண்ணை எழுதவேண்டும். எண் சின்னதாக இருந்தால் நல்லது. நாங்கள் வேப்பமரத்து நிழலில் நின்றோம். மாப்ள ஒன்று புள்ளி எட்டு ஓம் என்று எழுதினான். நான் ஒன்று புள்ளி ஒன்பது. கையெழுத்தும் வாங்கிவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து, ஆய்வகத்தில் வெறுங்காலோடு நின்று, இரும்பு மேஜையின் விளிம்பில் கை வைத்தேன். சுருக்கென்று ஏறியது. கையை எடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம் அடி வாங்கிய கை அது. எது எப்படிப்பட்ட கடி என்று மூளைக்கு முன்னால் அதற்குத் தெரியும்.

ஆய்வக உதவியாளராக ஒரு அக்கா இருந்தார். பெருக்குவது, துடைப்பது, மெஷினை எடுத்து வைப்பது, பூட்டுவது எல்லாம் அவர்தான். பக்கத்து ஊரிலிருந்து தினமும் நடந்தே வருவார். நான் கையை உதறியதைப் பார்த்துவிட்டார்.

"இந்த மேச கடிக்கும் சார். நாந்தான் சொல்ல மறந்துட்டேன்."

"எப்ப இருந்துக்கா?"

"அது ஆச்சு ரெண்டு மூணு வருசம். மழ பேஞ்சா சும்மா கெடக்கும். வெயிலுன்னா சுள்ளுங்கும். இப்பக் கொஞ்சம் கூடத்தான் இருக்கு. பழகிருச்சு." ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "பயமில்லையே சார்?"

சுற்றிலும் எங்கள் வகுப்பே நின்றது. மேஜைமேல் எங்கள் ரெக்கார்ட் நோட்டுகள் அடுக்கியிருந்தன, எல்லாவற்றிலும் கையெழுத்தோடு. அந்தக் குழாய் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

"அது ஸ்டேடிக் கரண்டுக்கா. நைலான் சேலை கட்டுனா அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

அவர் கட்டியிருந்தது கல்லூரி கொடுத்த பருத்திச் சேலை. ஆனாலும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியோடு அந்த மேஜையைத் துடைக்கப் போனார். முதலில் புறங்கையால் தொட்டு, ஒரு நொடி பொறுத்து, பிறகு துடைத்தார். இத்தனை காலம் அவர் உயிரோடு இருந்ததற்கு அந்தப் புறங்கைதான் காரணமோ என்னவோ. பொறியியல் அல்ல.

அடுத்த ஞாயிறு இயற்பியல் வகுப்பு. நடத்துகிற மேடம் என் மூத்த மகளைவிட இரண்டு வயதுதான் பெரியவர். அன்றைக்குப் பாடம் மனித உடம்பின் மின்தடை. காய்ந்த தோல் கரண்டை எவ்வளவு தடுக்கும், நனைந்தால் அது எத்தனை மடங்கு குறையும், எவ்வளவு கரண்டில் விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும், அப்புறம் ஏன் அவற்றைத் திறக்க முடியாது என்று கரும்பலகையில் வரிசையாக எழுதினார். நான் பச்சை மையில் அடிக்கோடிட்டு அழகாக நோட்ஸ் எடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாகக் கேட்ட வகுப்பு வேறு கிடையாது. ஒவ்வொரு வரிக்கும் உள்ளங்கை வேர்த்தது.

வெளியே வந்தால் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை. ஆயுத பூஜையை முன்னிட்டு வருகிற சனிக்கிழமை எல்லா ஆய்வகங்களையும் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கவேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் தனியாக ஆய்வகத்தின் பின்பக்கம் போனேன். குழாயின் சிமெண்டு மூடியை நகர்த்தினேன். கரிசல் மண் காய்ந்தால் சுருங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அது எவ்வளவு சுருங்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். குழாயைச் சுற்றி மண் நாலாபக்கமும் விலகிப்போய், குழாய் ஒரு பள்ளத்துக்குள் யாரையும் தொடாமல் தனியாக நின்றது. சட்டைப்பையில் இருந்த ஸ்கேலை வெடிப்புக்குள் விட்டேன். முழுதும் இறங்கியது. கையை விட்டேன். முழங்கை வரை போயிற்று. உள்ளே சூடாக இருந்தது. எவனோ ஒருத்தன், என்றோ ஒரு ஐப்பசியில், மழையில் மண் ஊறியிருந்தபோது அளந்த எண்ணை நாங்கள் பரம்பரையாக எழுதிக்கொண்டிருந்தோம். மேலே அத்தனை மெஷினிலும் கசிகிற கரண்ட் கீழே இறங்க வழியில்லாமல் அந்த இரும்பு மேஜையில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு ஆள் வேண்டும். வெறுங்காலோடு, ஈரத்தில்.

மாப்ளயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்துவிட்டு மூடியைத் திரும்ப நகர்த்தி வைத்தான்.

"சொன்னா என்னாகும் தெரியும்லண்ணே. ரீடிங் பொய்யின்னு ஆகும். அம்புட்டுப் பேரு ரெக்கார்டும் காலி. இந்த செமஸ்டர் போச்சு."

"அந்தக்கா சனிக்கிழம தரையக் கழுவப் போகுது மாப்ள."

"உங்களுக்கு இந்த டிகிரி வந்தாலும் ஒண்ணு, வராட்டியும் ஒண்ணு. எனக்கு அப்பிடியா? பேப்பர் இருந்தா நான் இன்ஜினியரு. இல்லாட்டி டூல்ஸ் பை தூக்குற ஆளு." கொஞ்சம் நடந்தவன் திரும்பி நின்றான். "அந்தக்காட்ட ஸ்டேடிக்குன்னு சொன்னது நானா?"

அந்த வாரம் கடையில் எந்தப் புத்தகமும் ஓடவில்லை. கடைசியில், யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளாமலே ஒரு உயிரைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்தேன். கோழைகளுக்கு இந்தத் திறமை இயற்கையாகவே உண்டு.

சனிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போய், வராந்தாவில் இருந்த மெயின் போர்டைத் திறந்து, மூன்று பீஸ் கட்டைகளையும் உருவி பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். மூன்று பீஸ் கட்டை பையில் இருந்தால் மனிதனால் இயல்பாக நடக்க முடியாது. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அக்கா வந்தார். செருப்பைக் கழற்றினார், சேலையைத் தூக்கிச் செருகினார், வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். கதவு வழியே தண்ணீர் கருப்பாக வழிந்து வந்தது. கரண்ட் இல்லை. எனக்கு மூச்சு சீராக வந்தது. கிளம்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் அவர் வாசலுக்கு வந்து, எதிரே போன கல்லூரி எலெக்ட்ரீசியனிடம் சொன்னார்: "அண்ணே, உள்ள கரண்டே இல்ல. பேன் ஓடுனாத்தான் தரை காயும்."

எலெக்ட்ரீசியன் போர்டைத் திறந்து பார்த்தார். "எவனோ பீஸக் களவாண்டுட்டாய்ங்கக்கா. இதையுமா விடமாட்டாய்ங்க. இரு, எங்கிட்ட வேற இருக்கு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் தோள்பையிலிருந்து புதுக் கட்டைகளை எடுத்தார். ஒன்றைச் செருகினார். கதவு வழியே எனக்கு அக்கா தெரிந்தார். கணுக்கால் தண்ணீரில் நின்று, அந்த மேஜைக்குப் பக்கத்தில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். இரண்டாவது கட்டையும் உள்ளே போயிற்று. நான் ஓடியதாக அப்புறம் சொன்னார்கள். எனக்கு நடந்ததாகத்தான் ஞாபகம். மூன்றாவது கட்டையைப் பிடித்திருந்த எலெக்ட்ரீசியனின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அண்ணே, போடாதீங்க. பீஸ் எங்கிட்ட இருக்கு."

பையிலிருந்து மூன்றையும் எடுத்துக் காட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தாப் படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க" என்றார்.

துறைத்தலைவரிடம் கூட்டிப்போனார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று புள்ளி ஒன்பதையும் சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆயுத பூஜை சமயத்தில் இது என்ன வேலை என்று மட்டும் கேட்டார். இயற்பியல் மேடம் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னார். ஒரு முனையை மேஜையில் கவ்வவிட்டு, இன்னொன்றை ஈரத்தரையில் போட்டு, மீட்டரை ஜன்னலில் வைத்து, பீஸைப் போடச் சொன்னார். எண்கள் தடுமாறி நூற்றுப் பதினெட்டு வோல்ட்டில் நின்றன. பூஜைக்கு வைத்திருந்த சந்தனக் கிண்ணம் துறைத்தலைவர் கையிலேயே இருந்தது.

"பீஸை எடுங்க. ரூமைப் பூட்டுங்க" என்று அவரே சொன்னார்.

அக்கா ஜன்னல் பக்கம் வந்து மீட்டரைப் பார்த்தார். "இது எம்புட்டு சார்?"

சொன்னேன்.

"நீங்கதான ஸ்டேடிக்குன்னு சொன்னீக."

"ஆமாக்கா."

"தெரிஞ்சேவா சொன்னீக?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

அம்புட்டுப் பேர் ரெக்கார்டும் ரத்தானது. பழைய குழாய்க்குப் பக்கத்தில் புதுக் குழி தோண்டி, ஈரம் தங்கக் கரியும் உப்பும் போட்டு வேறு குழாய் புதைத்தார்கள். வெயிலில் கம்பி அடித்து எல்லோரும் உண்மையாகவே அளந்தோம். மாப்ள தீபாவளி வரை என்னிடம் பேசவில்லை. ஐப்பசி மழை வந்தது. மேஜை அமைதியானது. புதுக் குழிக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிற வேலையும் அக்கா தலையில்தான் விழுந்தது.

ஒரு ஞாயிறு அவர் என்னிடம் வந்து, "அந்த முள்ளை எப்பிடிப் பாக்குறதுன்னு காட்டுங்க" என்றார். நான் விளக்க ஆரம்பித்ததும் நிறுத்தினார். "கத வேணாம் சார். எங்க நின்னா நல்லது, எங்க நின்னா கெட்டது. அது போதும்." காட்டினேன். தானே மெக்கரின் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு தடவை சுற்றினார். அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றுகிற அன்றெல்லாம் அளந்து, சுவரில் தொங்குகிற காலண்டரில் கரித்துண்டால் குறித்து வைப்பார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்தக் கல்லூரியிலேயே நகல் எடுக்காத ரீடிங் அது ஒன்றுதான்.

தை முடிந்து மாசி பிறந்தது. இந்த வருடம் வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. சென்ற செவ்வாய்க்கிழமை கடையில் இருந்தபோது ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. அக்காதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சார், முள்ளு கொஞ்சம் கொஞ்சமா ஏறுது."

"தண்ணி ஊத்துனீங்களாக்கா?"

"ரெண்டு நாளைக்கு ஒருக்க ஊத்துறேன். நேத்து ஆறு கொடம். மேல நிக்கவே மாட்டேங்குது சார், அம்புட்டும் உள்ள போயிருது. எங்க போகுதுன்னுதான் தெரியல."

துறைத்தலைவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னாராம். பரீட்சை முடியட்டும் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்றேன்.

"நாளைக்கே வாங்க சார்" என்று வைத்துவிட்டார்.