எலுமிச்சைத் தோப்பில் கொள்ளு

அவளை எல்லாரும் டப்பாக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியவள். டிராக்டரிலிருந்து விழுந்து அண்ணனுக்கு இடுப்பு ஒடிந்தபோது வேலையை விட்டுவிட்டு, இருவருக்கும் பொதுவான எலுமிச்சைத் தோப்பைப் பார்க்க வந்து சேர்ந்தாள்.

அண்ணனுக்குத் தோப்பென்றால் துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும். புல் தலைகாட்டினால் உழுதுவிடுவார். வந்த முதல் மழையிலேயே அதன் பலனை அவள் பார்த்தாள். ஒரு மணி நேரம் கொட்டிய தண்ணீர் கீழே இறங்காமல், மண்ணையும் வாரிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது. ஆறாம் நாளே இலைகள் சுருண்டுவிட்டன.

பால்பவுடர் டப்பா ஒன்றின் அடியை வெட்டியெடுத்து, மரங்களுக்கு நடுவே பாதிவரை அடித்து இறக்கி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். நாற்பது நிமிஷம் ஆகியும் தேங்கியே நின்றது. வேலியோரம் புல் மண்டிய இடத்திலோ நாலே நிமிஷத்தில் வற்றியது. டப்பாவும் கையுமாக அலைந்ததில் வந்த பேர்தான் அது.

வேர் ஓடினால் மண் இளகும் என்று மர வரிசைகளுக்கு நடுவே கொள்ளு விதைத்தாள்.

"தோப்பா இது? காடு மாதிரி கிடக்கு. போறவன் வர்றவன்லாம் சிரிக்கிறான்" என்று பொருமினார் அண்ணன்.

"சிரிக்கட்டும்ணே. தண்ணி உள்ள போகுதான்னு மட்டும் பாருங்க."

முதல் வருஷம் அவள் கணக்கு தப்பியது. வெயில் ஏறிய பிறகும் கொடியை அறுக்காமல் விட்டாள். கொள்ளு எலுமிச்சை மரத்தோடு தண்ணீருக்குப் போட்டி போட, பிஞ்செல்லாம் உதிர்ந்தது. அண்ணன் மறுநாளே உழுவதற்கு டிராக்டரை வரச் சொல்லிவிட்டார்.

அவள் டிராக்டருக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"தப்பு என்னோடதுண்ணே, பயிரோடது இல்ல. பூக்கறதுக்கு முன்னாடியே அறுத்து அங்கேயே பரப்பியிருக்கணும். இன்னும் ரெண்டு வருஷம் விடுங்க. அப்பவும் தேறலைன்னா நானே உழுதுடறேன்."

டிராக்டர்காரர் எஞ்சினை நிறுத்தினார். "அண்ணனும் தங்கச்சியும் பேசி முடிங்க. நான் போய் டீ குடிச்சிட்டு வரேன்."

அவர் திரும்பி வருவதற்குள் ஆளுக்குப் பாதித் தோப்பு என்று முடிவாகியிருந்தது.

அடுத்த இரண்டு வருஷமும் அவள் மழையோடு விதைத்தாள், மொட்டு வைக்கும் முன் அறுத்தாள், அறுத்ததை மண்மேல் போர்த்திவிட்டாள். அரிவாள் பிடித்த கை காய்த்துப் போனது. மாதம் தவறாமல் டப்பாவை இறக்கி, நிமிஷங்களை மோட்டார் ரூம் சுவரில் கரியால் எழுதினாள். முப்பது, பதினெட்டு, ஒன்பது.

மூன்றாம் வருஷப் பெருமழையில் அண்ணன் பாதியிலிருந்து செம்மண் கலங்கி ஓடியது. அவளுடைய பாதியோ தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது. மழை நின்று இரண்டு வாரமாகியும் அவள் மரங்கள் வாடவில்லை. அண்ணன் வந்து அங்கே மண்ணைக் கைத்தடியால் குத்திப் பார்த்தார். தடி ஒரு சாண் இறங்கியது. தடியைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

பத்து நாள் கழித்து அவர் பாதியிலும் கொள்ளு முளைத்திருந்தது. அள்ளித் தெளித்த மாதிரி, மரத்தண்டை ஒட்டியெல்லாம்.

"என்னண்ணே, தண்டுலேருந்து ஒரு முழம் தள்ளிப் போட வேண்டாமா? கொடி மரத்துமேல ஏறிடும்."

"நீ எங்க சொல்லிக் கொடுத்த?" என்றார் அவர், கடுகடுப்பாகவே.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு களைக்கொத்தை எடுத்துவந்து முதல் மரத்தடியில் குந்தினாள்.